கணினிக்குள் ஒரு கணினி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த, ஓய்வுபெற்ற எழுத்தர் நான். லினக்ஸ் கற்க ஆசை. ஆனால் மறைந்த மனைவியுடன் கிரிவலம் சென்ற படங்கள் கணினியில் இருக்கின்றனவே என்று பயம்.

பேரன் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றி, 20 ஜிபி ஒதுக்கி, டெபியனை நிறுவச் சொன்னான். சி-டாக்கின் பாஸ் லினக்ஸுக்கும் அதுவே அடிப்படை. மொழிப் பட்டியலில் பிரெஞ்சு இருந்தும் தமிழைத் தேர்ந்தேன்.

முழு டிஸ்கையும் பயன்படுத்தவா என்று கேட்டதும் கை நடுங்கியது.

"தாத்தா, அது நிஜ டிஸ்க் இல்ல. விண்டோஸுக்குள்ள இருக்கிற ஒரு ஃபைல்தான்."

லினக்ஸ் வந்தது. உடனே படங்களைத் திறந்தேன். மலைக்கு முன்னால் அவள் சிரித்தபடியே இருந்தாள்.

அலுவலகத்தில் ஒரு கடிதத்தையும் நகல் இல்லாமல் அனுப்பியதில்லை. இவற்றுக்கு நகலே இல்லை! அன்றே பென்டிரைவில் எடுத்து வைத்தேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.