முள் அசையாத கேமரா

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவோ சித்தப்பாவோ விட்டுச் சென்ற பழைய பிலிம் கேமரா ஒன்று கிடக்கலாம். "முள் அசையவில்லை" என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

என் கைக்கு வந்தது மாமா வைத்திருந்த மினோல்டா எஸ்.ஆர்.டி. 101. 1966-இல் ஜப்பானில் வெளிவந்த வகை. வெளிச்சத்தை அளந்து முள்ளால் காட்டும் ஒளிமானி அதற்குள் உண்டு. அதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. பாதரசம் நஞ்சென்று அதைச் செய்வதை விட்டுவிட்டார்கள். வேறு பேட்டரி போட்டும் என் கேமராவின் முள் அசையவில்லை. ஆனால் படம் எடுக்கும் ஷட்டருக்கு மின்சாரமே வேண்டாம்; அது சுருள்வில்லாலும் பற்சக்கரத்தாலும் ஓடுவது!

பேட்டரிக் குழியில் படிந்திருந்த பச்சைக் களிம்பைக் காடி தோய்த்த பஞ்சால் துடைத்தேன். பின்கதவு ஓரத்து நுரைப்பட்டை தார்போல் இளகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிச்சம் புகாதபடி கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தேன்.

இனி ஒளிமானி நம் கண்தான். 100 வேகப் பிலிமுக்கு ஷட்டரை 1/125 விநாடியில் வையுங்கள். தரையில் நிழல் கூர்மையாக விழும் வெயிலில் லென்சின் துளையை 16-இல் வையுங்கள். நிழலின் ஓரம் மங்கினால் 11. நிழலே விழாத மேகமூட்டத்தில் 8. வெளிச்சமான கூரை நிழலில் 4. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். நெகட்டிவ் பிலிமில் சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் கொடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு? நம் தோட்டத்து முதியவர்கள் பலருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. அவர்கள் மறைந்தபின் அதையே பெரிதாக்கி மாலை போடுகிறோம்.

ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியை லயத்து வாசலில் உட்கார வைத்தேன். "என்னப் போயி எதுக்கு வாத்தியாரே படம் புடிக்கிறீங்க?" என்றார். பிறகு தாமாகவே எழுந்துபோய், பால் வெட்டும் கத்தியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். கூரை நிழல், துளை 4. அவர் சிரித்த நொடியில் ஷட்டரை அழுத்தினேன்.

சென்ற ஆண்டு பாட்டி காலமானார். மாலைக்குள் இருப்பது அந்தப் படம்தான். பேரப்பிள்ளைகள் அந்தக் கத்தியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் சொல்கிறார்கள்.

"கைப்பேசியில் எடுத்தால் ஆகாதா?" என்பீர்கள். தாராளமாக எடுங்கள், ஆனால் அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பழைய கேமரா இருந்தால் அதையும் துடைத்தெடுங்கள். பட்டணத்தில் சில கடைகள் இன்றும் பிலிம் கழுவித் தருகின்றன. ஒரு சுருளில் 36 படங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுப் பெரியவரை வாசலில் உட்கார வையுங்களேன்!