பனிக்கு ஒரு சாக்கு!

ஊட்டிக்கு எல்லோரும் மே மாதம் போவார்கள். நான் போனது போன வருஷம் ஜனவரியில். ஹனிமூனா என்று கேட்காதீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது. போன காரியம், தூது!

பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன் போன் பண்ணினார். "அம்மா அந்தக் குளிர்ல தனியா கெடக்கறாங்கடா. எழுபத்தஞ்சு வயசாச்சு. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. நீ போய்ப் பேசிக் கூட்டிட்டு வா. உனக்குத்தான் ஆபீஸ் கிடையாதே!"

வீட்டிலிருந்து எழுதிப் பிழைப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் தருகிற பட்டம் இதுதான். பி.காம். எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினேன். 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மெட்ராஸ் பஸ்ஸில் தொங்கிப் பழகியவனுக்கு இந்த வேகம் புதிதல்ல. குன்னூர் தாண்டியதும் ஓடைக்கரைகளில் அந்தப் பூவைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் செடி. ஒரு சாண் நீளத்தில் வெள்ளை வெள்ளையாக, நாதஸ்வரத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது போல!

பெரியம்மாவின் வீடு காந்தல் பக்கம். வாசலில் அதே செடி. அங்கே நாற்பது பூவாவது இருக்கும்.

"மணிப்பூடா. உங்க பெரியப்பா வச்சது. சாயங்காலம் வரைக்கும் இரு, அப்புறம் தெரியும்" என்றார் பெரியம்மா.

இருந்தேன். ஆறு மணிக்கு மேல் தோட்டம் முழுக்க வாசனை. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு இருட்டினால்தான் வேலையை ஆரம்பிக்கிற பூ. என் ஜாதி! (இருட்டில் வரும் பெரிய அந்திப்பூச்சிகளுக்காகத்தான் இந்த வாசனையாம்.)

ஆங்கிலத்தில் இதற்கு ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட், தேவதையின் ஊதுகுழல் என்று பெயர். தாவரவியல் பெயர் ப்ருக்மான்சியா. ப்ருக்மான்ஸ் என்ற டச்சுப் பேராசிரியரின் நினைவாக 1805-ல் வைத்தது. நம்ம ஊர் ஊமத்தையின் பங்காளி. ஊமத்தம்பூ வானத்தைப் பார்க்கும், இது பூமியைப் பார்க்கும். குணத்தில் இரண்டும் ஒன்றுதான். இலை, பூ, விதை, வேர் எல்லாமே விஷம்.

"முகர்ந்து பாரு. வாயில மட்டும் வச்சுடாதே. தொட்டா கையைக் கழுவு" என்றார் பெரியம்மா. அலட்சியமாகத் தலையாட்டினேன்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. இந்த இனங்கள் அங்கே காட்டில் தானாக வளர்வது இப்போது கிடையாது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. சொந்த ஊரில் மனிதர்களின் தோட்டத்தில் மட்டும் பிழைத்திருக்கிற செடி, நம் நீலகிரியில் ஓடைக்கு ஓடை தானாக வளர்ந்து நிற்கிறது. பஞ்சம் பிழைக்க வந்த இடத்தில் பட்டா வாங்கிய கதை!

ஆனால் ஓடைச்செடி வேறு, காந்தல் வாசல் செடி வேறு. காரணம், உறைபனி.

"மேகம் இருந்தா பயமில்லை. காத்தும் இல்லாம, வானம் துடைச்சு வச்ச மாதிரி நட்சத்திரம் தெரிஞ்சா, உடனே சாக்கை எடு" என்பது பெரியம்மாவின் வானிலை அறிக்கை. விஷயம் சரிதான். மேகம் என்கிற போர்வை இல்லாவிட்டால், பகலில் தரை வாங்கிய சூடு ராத்திரியில் மேலே போய்விடும்.

செடியைச் சுற்றி நாலு மூங்கில் கழி. சாயங்காலம் அதன்மேல் சாக்கு. சாக்கு இலையைத் தொடக்கூடாது. அடியில் ஒரு அடி உயரத்துக்குச் சருகு. காலையில் வெயில் வந்ததும் சாக்கை எடுக்கவேண்டும். மற்ற மாதங்களில் குடம் குடமாகத் தண்ணீரும் கூடை கூடையாக எருவும் கேட்கிற செடிக்குக் குளிர்காலத்தில் அரைவயிறுதான். தாவரவியல் பூங்காவிலேயே மிலார் செடிகளைக் கொண்டு மூடித்தான் பூச்செடிகளைக் காப்பாற்றுகிறார்கள்.

"நான் பெங்களூர் போயிட்டா இதுக்கு யாருடா சாக்கு போடுவா?"

தூது தோல்வி!

ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு கிளம்பினேன். வெட்டிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். ரயிலில் டி.டி.இ. டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். வலது கண்ணின் பாப்பா மட்டும் கோலிக்குண்டு சைஸில்! கண் டாக்டர் பாப்பாவை விரிக்க விடுகிறாரே அட்ரோபின் சொட்டு மருந்து, அது இந்தச் செடியிலும் இருக்கிறது. நல்லவேளை, தானாகச் சரியாகிவிட்டது. சென்னை மொட்டைமாடியில் அந்தக் குச்சி துளிர்த்து, மே மாத வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது.

நவம்பரில் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். இந்தக் குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியம்மாவே எனக்குப் போன் பண்ணினார்.

"நான் பெங்களூர் போறேன். பிப்ரவரி வரைக்கும் நீ இங்க வந்து சாக்கு போடு. உனக்குத்தான் ஆபீஸ் இல்லையே!"

ஆக, இந்தக் கட்டுரையை எழுதுவது ஊட்டியிலிருந்து. ஐந்து வாரம் ஒழுங்காகச் சாக்கு போட்டேன். முந்தாநாள் ராத்திரி வாசலுக்கு வந்தால், வானம் முழுக்க நட்சத்திரம். சென்னையில் இப்படி எங்கே பார்க்கிறது! அரை மணி நேரம் அண்ணாந்து ரசித்துவிட்டு, உள்ளே போய்க் கம்பளிக்குள் புகுந்து தூங்கிவிட்டேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. செடியில் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. பூ ஒன்றுகூட மிச்சமில்லை. பெரியப்பா நட்டுப் பெரியம்மா அத்தனை வருஷம் காப்பாற்றியதை நான் ஒரே ராத்திரியில் கணக்கு முடித்துவிட்டேன்.

பொய் சொல்லலாமா என்று பத்து நிமிஷம் யோசித்தேன். அப்புறம் போன் போட்டேன். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"நகத்தால தண்டைக் கீறிப் பாரு. மேலேர்ந்து ஆரம்பி" என்றார் பெரியம்மா.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீறினேன். நுனியில் பழுப்பு. ஒரு அடி இறங்கினேன், பழுப்பு. தோள் உயரத்தில், இடுப்பு உயரத்தில், பழுப்பு. முழங்கால் உயரத்தில் கீறியபோது...

"பச்சை! பெரியம்மா, பச்சையா இருக்கு!"

"கத்தாதே. அதுக்கு மேல இருக்கறதை வெட்டிடு. சருகை இன்னும் கொஞ்சம் போட்டு மூடு. வேர்லேர்ந்து வந்துடும்."

"பழையபடி பூக்குமா?"

"தண்டு வளர்ந்து கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியணும். அதுக்கப்புறம்தான் மொட்டே வைக்கும். அடுத்த வருஷம் ஆயிடும்."

எழுபத்தாறும் ஒன்றும் எழுபத்தேழு என்று என் பி.காம். மூளை கூட்டிப் பார்த்தது. நான் பேசவில்லை.

"என்னடா சத்தத்தையே காணோம்? நான் இருப்பேன்டா. வெட்டினதும் மறக்காம கையைக் கழுவு. கண்ணைத் தேய்க்காதே!"

இன்றைக்கும் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. முழங்கால் உயரக் கட்டைக்குத்தான், ஆனாலும் இரண்டு சாக்காகப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.