எல்ஷம் மேட்டின் ஓடுதளம்

லிங்கன் நகரைச் சுற்றிலும் நிலம் தட்டை. அதனால் மேட்டின் உச்சியில் இருக்கும் பேராலயத்தின் கோபுரங்கள் வெகுதூரம் வரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இரவெல்லாம் ஜெர்மனிமீது குண்டு வீசிவிட்டு விடியற்காலையில் திரும்பிய லங்காஸ்டர் விமானங்களுக்கு அவைதான் ஊர் வந்துவிட்ட அடையாளம்.

அந்த ஊரில் வசித்த காலத்தில், விடுமுறை கிடைத்தால் பழைய விமானத் தளங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஸ்கேம்ப்டன், வாடிங்டன், பின்புரூக் என்று வழியெல்லாம் தளங்கள். எல்ஷம் வோல்ட்ஸில் மட்டும் நெடுநேரம் நிற்பேன். தளம் இருந்த இடத்தின் குறுக்கே இன்று நெடுஞ்சாலை ஓடுகிறது. மிஞ்சிய கான்கிரீட்டின் விரிசல்களில் புல் மண்டியிருக்கும்; ஓரம்வரை உழுதிருப்பார்கள்.

103ஆவது ஸ்குவாட்ரனில் சை கிராண்ட் பறந்தது இங்கிருந்துதான். பிரிட்டிஷ் கயானாவில் 1919இல் பிறந்தவர். 1941இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து நேவிகேட்டர் ஆனார். லங்காஸ்டரில் ஏழு பேர். விமானிக்குப் பின்னால், வெளிச்சம் வெளியே கசியாதபடி திரை போட்ட சின்ன மேசைதான் நேவிகேட்டருக்கு. வரைபடம், பென்சில், கடிகாரம். காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, இருட்டில் ஏழு உயிர்களுக்கும் அவர்தான் வழி சொல்ல வேண்டும்.

1943 ஜூனில் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவருடைய விமானம் நெதர்லாந்தின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. சக வீரர்கள் இருவர் இறந்தார்கள். விமானம் விழுந்த பண்ணைவீட்டில் விவசாயியின் மனைவியும் பலியானார். பாராசூட்டில் தப்பிய கிராண்ட் இரண்டு ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். விடுதலையாகி லண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டரானார். ஆனால் தொழில் அமையவில்லை. நடிக்கப் போனார். பிபிசி தொலைக்காட்சியில் அன்றன்றைய செய்தியைக் கலிப்ஸோ பாட்டாகப் பாடிப் புகழ்பெற்றார்.

லிங்கனை ஒட்டிய கான்விக் மேட்டில் இப்போது குண்டுவீச்சுப் படைக்கான நினைவகம் இருக்கிறது. லங்காஸ்டரின் இறக்கைகள் நுனிக்கு நுனி நீளும் 31 மீட்டர்தான் அங்குள்ள ஸ்தூபியின் உயரம். துருநிற எஃகுச் சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்களை எழுத்தெழுத்தாக வெட்டியிருக்கிறார்கள். குண்டுக்கு இலக்கான ஊர்களின் மக்கள் சொன்ன நினைவுகளையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதுதான் நியாயம். வீரர்களைப் போற்றுகிற இடத்தில் கெல்சன்கிர்ஷன்காரர்களுக்கும் இடம் வேண்டும்; அந்தப் பண்ணைவீட்டுப் பெண்ணுக்கும் வேண்டும்.

சுவரில் இருப்பவை மாண்டவர்களின் பெயர்கள். கடல் கடந்து வந்து, பறந்து, பிழைத்துக்கொண்டவர்களை யார் எழுதி வைப்பது? கிராண்ட் அதைக் கையில் எடுத்தார். 2010இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தம்மைப் போலக் கரீபியத் தீவுகளிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்த விமான வீரர்களின் பெயர்களைத் திரட்டி ஆவணமாக்கும் வேலையைத் தொடங்கினார். போரில் அவர் ஆற்றிய பணிக்குச் சற்றும் குறையாத பணி அது என்பேன்.