நைனார்பாளையம் முதல் வெள்ளிமலை வரை: புழுதி நெல்லின் பசி

நெல் என்றவுடன் நம்மில் பலருக்கு மனக்கண் முன் வந்து நிற்பது தஞ்சைத் தரணியே. வாய்க்காலில் நீர் சலசலக்க, சேற்றில் கால் புதைய நாற்று நடும் காட்சியைத்தான் பள்ளிப் புத்தகமும் சுவர்ப் படமும் நமக்குக் காட்டி வந்திருக்கின்றன. ஆனால் நீர் தேங்காத மேட்டு நிலத்தில், கம்பையும் சோளத்தையும் போலப் புழுதியில் விதைத்து, வானத்தை நம்பி விளைவிக்கும் நெல்லும் உண்டு. புழுதி நெல், மானாவாரி நெல், மலை நெல் என்று இடத்துக்கு ஒரு பெயரால் அதை வழங்குகிறார்கள். நீரும் சேறும் இல்லாத இடத்தில் இந்தப் பயிர் எதை உண்டு வாழ்கிறது? எல்லா ரகங்களும் ஒரே விதமாக உண்கின்றனவா? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஆவணி மாதத்தில் ஒருநாள் கல்வராயன் மலையடிவாரத்துக்குப் பிரயாணமானோம்.

சேலத்திலிருந்து விருத்தாசலத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் சின்னசேலம் ஒரு நிலையம். அங்கே இறங்கி, பஸ் ஏறி நைனார்பாளையம் சேர்ந்தோம். நைனார் என்பது தலைவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். பாளையம் என்பது படை தங்கிய இடத்துக்கு வழங்கும் பெயர். இந்தப் பிரதேசம் முன்பு தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் ஜில்லாவில் சேர்ந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானபோது அதன் பகுதியாயிற்று. ஜில்லாவின் பெயர் மாறினாலும் நிலத்தின் குணம் மாறவில்லை. ஓரிடத்தில் செம்மண், சற்று நகர்ந்தால் கருமண். ஏரி நீரும் கிணற்று நீரும் எட்டுகிற இடத்தில் நன்செய். எட்டாத இடமெல்லாம் புன்செய். அந்தப் புன்செய்யில் இப்போது மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியுமே கண்ணுக்கு நிறைந்து தோன்றுகின்றன. தொலைவில், வானத்தின் அடியில் நீலக் கோடு இழுத்தாற்போல் கல்வராயன் மலைத்தொடர்.

ஊருக்கு வெளியே, வரப்போரத்து வேப்ப நிழலில் அமர்ந்திருந்த முதிய குடியானவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“பெரியவரே, இந்த மேட்டில் நெல் விளையுமா?”

“வெளையுங்க ஐயா. ஆனா எந்த நெல்லுன்னு கேக்கணும். ஏரி வயல்ல கொழுத்து நிக்கிற நெல்லைக் கொண்டாந்து இங்கே வெதைச்சா, ஒரு மாசத்துலே வெளுத்துப் போயி உக்காந்துடும். புழுதிக்குப் பழகின நெல்லு வேறே. வயல் நெல்லுக்கு நாம சோறு ஊட்டணும். இது தானே தேடித் தின்னும்.”

புத்தகம் படிக்காத அந்தக் கிழவரின் கடைசி வாக்கியத்தை விரித்துரைக்கத்தான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

சேற்று வயலில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். நிலத்தில் நீரை நிறுத்தினால், சில நாட்களிலேயே மண்ணுக்குள் இருக்கும் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அப்போது மண்ணில் துருவாக இறுகிக் கிடந்த இரும்பு கரைந்து இளகுகிறது. அந்த இரும்போடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்தும் விடுபட்டு வேருக்கு எட்டுகிறது. புளித்த மண்ணாயினும் உவர்த்த மண்ணாயினும், நீர் நின்றால் நடுநிலையை நோக்கி வருகிறது. இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெருமா என்னும் மண் விஞ்ஞானி, நீரில் அமிழ்ந்த மண்ணின் ரசாயனத்தைப் பற்றி 1972-இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மூலநூல் போல மதிக்கப்படுகிறது. சுருங்கச் சொன்னால், நன்செய்யில் நீரே சமையற்காரன்; பயிர் பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டியதுதான் பாக்கி.

புன்செய்யில் அந்தச் சமையற்காரன் இல்லை. மணிச்சத்து செம்மண்ணில் இரும்போடும், கருமண்ணில் சுண்ணாம்போடும் கட்டுண்டு கிடக்கிறது. அது இருந்த இடத்தை விட்டு ஒரு சில மில்லிமீட்டருக்கு மேல் நகருவதில்லை. ஆகையால் வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். தழைச்சத்தின் கதை இதற்கு நேர்மாறானது. காற்றோட்டமுள்ள மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி, நீரோடு நீராக ஓடும் குணம் பெறுகிறது. பெருமழை ஒன்று பெய்தால் வேருக்குத் தப்பிக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே புழுதி நெல்லுக்கு இரண்டு விதமான வேர்கள் வேண்டும். மேல் மண்ணில் அடர்ந்து பரவி மணிச்சத்தைப் பொறுக்கும் வேர் ஒன்று. ஆழத்தில் இறங்கி, நழுவிப் போகும் தழைச்சத்தையும் ஈரத்தையும் மறிக்கும் வேர் மற்றொன்று. இரண்டுக்கும் போதிய வேரை விரைவில் விடும் ரகம் பிழைக்கும். விடாத ரகம் பட்டினி கிடக்கும்.

பெரியவர் சொன்ன “வெளுத்துப் போகிற” விஷயம் இரும்பைப் பற்றியது. இளம் இலைகளின் நரம்புகளுக்கு இடையே பச்சை மங்கி, மஞ்சளாகி, பிறகு வெண்மையாவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், நீர் நில்லாதபோது இது அதிகம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பயிருக்கு எட்டாத உருவத்தில் இருக்கிறது, அவ்வளவே. அன்னபேதி உப்பை நூற்றுக்கு ஒரு பங்கு நீரில் கரைத்து இலைமேல் தெளித்தால் பயிர் பச்சை பிடிக்கிறது. நெற்பயிர் தானாகவும் ஒரு யுக்தி செய்கிறது: இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒருவகைப் பொருளை வேரிலிருந்து கசியவிட்டு, இரும்போடு சேர்த்து அதை மீண்டும் உறிஞ்சிக் கொள்கிறது. ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர்க் கசிவில் இப்படிப்பட்ட பொருள் இருப்பதை ஜப்பானிய விஞ்ஞானி தகாகி 1976-இல் வெளியிட்டார். பார்லியோடு ஒப்பிட்டால் நெல் இந்தக் கலையில் கைத்தேர்ச்சி குறைந்ததே. நெல்லிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. அருகருகே விதைத்த இரண்டு ரகங்களில் ஒன்று வெளுக்க, மற்றொன்று பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் மலையேறினோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும் வழித்துணை. அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று இருக்கிறது. அதைக் கடந்ததும் கோமுகி அணை. மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றைத் தடுத்து 1960-களில் கட்டப்பட்ட இந்த அணைதான் கீழே உள்ள வயல்களுக்கு நீர் ஊட்டுகிறது. அணையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலையை அடைகிறது. மலையில் பெய்த மழை கீழே போய் நன்செய்யை வளர்க்கிறது. மலையிலுள்ள சரிவு நிலமோ அந்த நீரையும், நீரோடு மேல் மண்ணையும் இழந்து நிற்கிறது. இந்த முரண்பாட்டை வழிநெடுகக் கண்டோம்.

இங்கு வாழும் மலையாளி மக்கள் கேரள நாட்டார் அல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து குடியேறியதாக அவர்களுக்குள் ஓர் ஐதிகம் வழங்குகிறது. 1976 வரையில் இந்த மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். இப்போது மரவள்ளி பெரிதும் பரவியிருக்கிறது. கிழங்கை விற்ற பணத்தில் அரிசியை விலைக்கு வாங்கி உண்பது மலையிலும் வழக்கமாகிவிட்டது. விதைக் குதிர் காலியாகும்போது, அதிலிருந்த விதையின் குணமும் உடன் போய்விடுகிறது என்பதை அந்த மரவள்ளிக் கொல்லைகளின் நடுவே நின்றபோது உணர்ந்தோம்.

கல்வராயன் மலை தனித்த மலையன்று. வடக்கே ஒரிஸ்ஸா வரை விட்டுவிட்டுத் தொடரும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கண்ணி. அதே தொடரின் வடபகுதியில், கோராபுட் ஜில்லாவைச் சேர்ந்த ஜெய்ப்பூர்ப் பிரதேசத்தில், மலைவாசிகள் காத்து வந்த நெல் வகைகளை 1950-களின் பிற்பகுதியில் நம் விஞ்ஞானிகள் ஊர் ஊராகச் சென்று சேகரித்தார்கள். கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பணியை நடத்தியது. 1946-இல் தோன்றிய அந்த நிலையத்தின் முதல் டைரக்டர் நம் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் புகழ் பெற்ற கே. ராமையா என்பது நாம் பெருமை கொள்ள வேண்டிய செய்தி. மலைவாசி வீட்டுக் குதிரில் கிடக்கும் விதையை ஒரு செல்வமாக எண்ணிச் சேகரித்த அந்தத் தொலைநோக்குக்கு, பின்னாளில் வேறோர் இடத்திலிருந்து தக்க சான்று கிடைத்தது.

கிழக்கிந்தியாவில் கோடை மழைக்கு விதைக்கும் ‘ஆவுஸ்’ நெல் இனத்தைச் சேர்ந்தது கசலாத் என்னும் ரகம். பார்வைக்குச் சாமானியமான நெல். ஆனால் மணிச்சத்துக் குறைந்த மண்ணில் மற்ற ரகங்கள் வாடும்போது இது மட்டும் தழைத்து நின்றதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். காரணத்தைத் தேடியதில், இளம் பருவத்திலேயே வேரைப் பெருக்கும் மரபணு ஒன்று அதில் இருப்பது 2012-இல் வெளியாயிற்று. நீரும் உரமும் தாராளமாகப் பெற்று வளர்ந்த புதிய ரகங்கள் பலவற்றில் அந்த மரபணு இல்லவே இல்லை. உலகெங்கும் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 64-இலும் அது கிடையாது. அடுத்த ஆண்டில் மற்றொரு செய்தி வந்தது. கினண்டாங் படோங் என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டு மேட்டு நில நெல்லில், வேரைச் செங்குத்தாக ஆழத்துக்கு இறக்கும் மரபணுவைக் கண்டார்கள், அதை ஐ.ஆர். 64-இல் சேர்த்தபோது வறட்சியிலும் விளைச்சல் நின்றது. பரவும் வேர், இறங்கும் வேர் என்று மேலே நாம் சொன்ன இரண்டையும் உலகத்துக்குக் கொடுத்தவை ஏழைக் குடியானவர்களின் நெல் வகைகளே.

நம் நாட்டிலும் அத்தகைய நெல் இல்லாமற் போகவில்லை. ராமநாதபுரச் சீமையின் நொறுங்கன் வறட்சியைத் தாங்கும். குழியடிச்சான் உவரையும் பொறுக்கும். புழுதிக்கார் என்னும் பெயரே அது வளரும் விதத்தைச் சொல்லும். கோயம்புத்தூர்ப் பண்ணை 1912-இல் தொடங்கியது முதல் ஆராய்ச்சியின் பெருங்கவனம் நன்செய்யின் மேலேயே இருந்து வந்தபோதிலும், வேளாண்மைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பரமக்குடி நிலையம் மானாவாரிக்கென்றே உழைத்து, 2009-இல் அண்ணா 4 என்னும் ரகத்தை வெளியிட்டது.

ரகங்களை ஒப்பிடும் முறையையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். ஒரே நிலத்தில் பல ரகங்களை விதைத்து, அறுவடையில் வைக்கோலையும் தானியத்தையும் தனித்தனியே உலர்த்தி நிறுத்து, பொடி செய்து, அதில் ஒவ்வொரு சத்தும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பரிசோதிக்கிறார்கள். எடையையும் பங்கையும் பெருக்கினால் பயிர் மண்ணிலிருந்து எடுத்த அளவு தெரியும். ஆனால் நிறைய எடுப்பது ஒரு திறமை. எடுத்ததைக் கொண்டு நிறைய மணி கட்டுவது வேறொரு திறமை. உண்டதையெல்லாம் வைக்கோலில் வைத்துக்கொள்ளும் ரகமும் உண்டு; குறைவாக உண்டு கதிரை நிறைக்கும் ரகமும் உண்டு. குடியானவனுக்கு வேண்டியது இரண்டும் கூடிய ரகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தானே தேடித் தின்னும் நெல் என்றால் உரமே வேண்டாத நெல் என்று பொருளாகாது. 1 டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தும், 2 முதல் 3 கிலோ மணிச்சத்தும், 15 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் எடுக்கிறது. வேர் வலுத்த ரகம் மண்ணின் பெட்டியைத் திறக்கும் திறவுகோலே தவிர, பெட்டியை நிரப்பும் கை அன்று. நிரப்பாமல் எடுத்துக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் காலத்தில் பெட்டி காலியாகவே இருக்கும். எடுத்த சாம்பல்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வைக்கோலில் நிற்கிறது. வைக்கோல் மாட்டுக்குப் போய், சாணம் நிலத்துக்குத் திரும்பினால் அது வீணாவதில்லை. துவரையும் உளுந்தும் ஊடே விதைத்தால் காற்றிலிருந்தே தழைச்சத்துக் கிடைக்கும். மணிச்சத்துக்கு மாத்திரம் காற்றிலே களஞ்சியம் இல்லை. தானியத்தோடு ஊரை விட்டுப் போனதை எருவாகவோ உரமாகவோ நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. மலையிலும் மேட்டிலும் மிஞ்சியிருக்கும் நெல் விதைகளைச் சேகரித்து, நைனார்பாளையம் போன்ற ஊர்களின் செம்மண்ணிலும் கருமண்ணிலும் விதைத்து, மணியின் நிறத்தை மட்டும் பாராமல் வேரின் வலுவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்த விதையை, நிலத்துக்கு எருவிட வழியுள்ள குடியானவர் கையில் சேர்க்க வேண்டும். ஏரி பெருகாத வருஷமும் மழை தவறும் வருஷமும் நமக்குப் புதியன அல்ல. அத்தகைய வருஷத்தில் மேட்டு நிலத்துக் குடும்பத்தின் உலையில் அரிசி வேகுமா என்பது, தானே தேடித் தின்னும் அந்தப் பயிரை நாம் இன்று காப்பாற்றி வைக்கிறோமா என்பதைப் பொறுத்திருக்கிறது.