வெண்மையும் பின்புலமும்

மனிதரின் முகத்தை மட்டும் காட்டி, அவர் நின்ற இடத்தை முற்றிலும் மறைத்துவிடும் நிழற்படங்கள் இன்று நம் இல்லங்களில் பெருகி வருகின்றன. கடவுச்சீட்டுக்கும், தேர்வு விண்ணப்பங்கள் பலவற்றிற்கும் வெள்ளைப் பின்புலமே வேண்டப்படுகிறது. முகத்தின் விளிம்பு தெளிவாக இருந்தால்தான் அலுவலரின் கண்ணும், முகங்களை ஒப்பிடும் கருவியும் ஐயமின்றி ஆளை அறிய இயலும். இத்தேவையில் குறை காண்பதற்கில்லை.

பின்புலத்தை நீக்குதல் கணிப்பொறியோடு பிறந்த கலையன்று. பிலிம் வழங்கிய நாள்களில், நெகட்டிவின் வேண்டாத பகுதிமேல் ஒளிபுகாத மையை நுண்ணிய தூரிகையால் பூசுவர். ஒளி ஊடுருவாத அவ்விடம் அச்சில் வெண்மையாகவே எஞ்சும். நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990-இல் வெளிவந்தது; 1994-இல் அதில் அடுக்குகள் என்னும் வசதி சேர்ந்தது. ஆளைத் தனியே பிரித்து மேலடுக்கில் வைத்து, கீழடுக்கை வெண்மையால் நிரப்புவர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்னும் முழு அளவில் கூடினால் தூய வெண்மை கிடைக்கும். இன்றோ கைப்பேசியே இதனைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

எம் தந்தையார் இறைவனடி சேர்ந்தபோதுதான் இப்பணியை நாம் அருகிருந்து கண்டோம். அவர் தனித்து நின்ற படம் ஒன்றேனும் வீட்டில் இல்லை. 1978-இல் எம் தமக்கையாரின் திருமணத்தன்று முற்றத்தில் எடுத்த கருப்பு வெள்ளைக் குடும்பப் படம் ஒன்றே இருந்தது. அதில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகத் தந்தையார் நிற்கிறார். பின்னே முருங்கை மரம். முன்னே ஆறு வயதுத் தம்பி. தந்தையாரின் வலக்கை அவன் தோளைப் பற்றியிருக்கிறது.

ஸ்டூடியோவில் இருந்த இளைஞர் அப்படத்தை ஸ்கேன் செய்து பின்புலத்தை நீக்கினார். உடனே வெள்ளைச் சட்டை வெள்ளைத் தாளோடு கலந்து, தோள் இருந்த இடமே தெரியாமற்போயிற்று. முருங்கை இலைகளின் கருந்துணுக்குகள் நரைமுடியோடு ஒட்டிக்கொண்டன. இளைஞர் சலிக்கவில்லை. தோளின் விளிம்பைப் புள்ளி புள்ளியாகத் தாமே வரைந்து, பின்புலத்திற்கு மெல்லிய சாம்பல் நிறம் தோய்த்து, தந்தையாரை மீட்டுக் கொடுத்தார். மார்பளவில் படம் அழகுற அமைந்தது.

அன்னையார் அதனை நெடுநேரம் நோக்கினார். “முகம் அவர் முகந்தான், ராசா. தம்பியைப் பிடித்திருந்த கை எங்கே?” என்றார். நாம் பேச்சற்று நின்றோம். அந்தத் தம்பி மறு ஆண்டே காய்ச்சலில் மறைந்தவன். அவன் உருவம் பதிந்த படம் உலகில் அஃதொன்றே. வேண்டாத பகுதி என்று கருவி ஒதுக்கியது அன்னைக்கு வேண்டிய பகுதியாக இருந்தது.

நல்வினையாக, இளைஞர் திருத்திய படத்தை வேறு பெயரிலேயே சேமித்திருந்தார். ஜேபெக் வடிவம் அடுக்குகளைத் தாங்காது. மூலத்தின் மேலேயே சேமித்து மூடிவிட்டால், வெண்மைக்கு அடியில் இருந்ததை அதிலிருந்து மீட்க வழியில்லை. முழுப் படத்தையும் பெரிதாக அச்சிட்டுத் தந்தையாரின் படத்திற்குக் கீழே மாட்டினோம். அன்னையார் விளக்கேற்றும்போது இரண்டையும் பார்க்கிறார்.

ஆதலின் வாசக அன்பர்களுக்குச் சில சொற்கள். பழைய படத்தை ஸ்கேன் செய்ததும் அதன் படி ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். திருத்தம் மற்றொரு படியில் நடக்கட்டும். அலுவலகப் படத்திற்கு, இயன்றவரை வெள்ளைச் சுவருக்குச் சற்று முன்னே நின்று, முகத்தில் சீரான வெளிச்சம் விழும்படி எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் நிழல் விழாது, மென்பொருளும் வேண்டியிராது. அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு 2 அங்குலச் சதுரமான, வெள்ளைப் பின்புலப் படம் கேட்பவர்கள், மென்பொருளால் மாற்றிய படத்தை ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

பெட்டியில் உறங்கும் குடும்பப் படங்களின் பின்புறத்தில், இருப்பவர் பெயரையும் ஆண்டையும் மென்மையாகப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஓரத்தில் பாதி உருவாய் நிற்பவரையும் விட்டுவிடாதீர்கள். அவர் யார் என்று சொல்லக்கூடிய முதியவர் இன்று நம் வீட்டில் இருக்கிறார்; இன்றே கேட்டு எழுதிவிடுவோம்.