வடைத் தட்டு

கொழும்பிலே நாம் கேளாமுன் உணவு வந்து சேரும் இடம் சைவக் கடையே. வெள்ளவத்தையிற் காலி வீதியோரம் ஒரு கடையில் அமர்ந்தோமாயின், உழுந்து வடையும் கடலை வடையும் அடுக்கிய தட்டொன்று நம்முன் வைக்கப்படும். உண்டவற்றை மாத்திரம் எண்ணிப் பணம் பெறுவர். எஞ்சியவை அடுத்த மேசைக்குச் செல்லும். சுகாதாரப் பரிசோதகர் இதனை மெச்சார்; நாம் மெச்சுவோம். நம்மை நம்பி வைக்கப்பட்ட தட்டன்றோ அது!

கல்லூரி விட்டு உத்தியோகத்துக்கென வந்து அறையெடுத்திருந்த நம் மூத்த பழைய மாணவர் பலருக்கு இத்தகைய கடைகளே அடுக்களையாயின. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தைத் தமிழர் கடைகள் பல எரியுண்டன. அதன் பின்னரும் அங்கே தோசைக்கல் சூடேறிற்று. 2022இல் எரிவாயு கிடையாதபோது, கொட்டாஞ்சேனையில் நாம் வழமையாய்ச் செல்லும் சிறுகடை விறகுக்கு மாறிற்று. சாம்பாரிற் புகை மணந்தது. குறை கூறியவர் எவருமிலர்.

அக்கடைக்குச் சென்ற கிழமை மீண்டும் போனோம். தட்டு வரவில்லை. "எத்தனை வடை, சேர்?" என்று பரிமாறும் தம்பி வினவினார். உழுந்து விலையும் எண்ணெய் விலையும் ஏறியபின், மாலையில் மிஞ்சும் வடையைத் தாங்க இயலவில்லை என்றார் முதலாளி. இரண்டு என்றோம். மூன்றாவதற்கு மனம் இருந்தும், கேட்டு வாங்க ஏனோ கூச்சமாயிருந்தது.