செம்பனைக் காட்டில் ஒரு தாஜ்மகால்

எங்கள் குடும்பத்தில் வெளியூர்ப் பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கல்யாணம், கருமாதி, காவடி. தைப்பூசத்துக்குப் பத்துமலை. ஜொகூர் பாருவுக்கு வந்தால் 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயில், அங்கிருந்து தெப்ராவ் சாலைப் பக்கம் ராஜகாளியம்மன் கோயில். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். பஸ் காசு செலவழித்து ஓர் இடத்துக்குப் போனால் சாமியாவது கும்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர் முகத்தையாவது பார்த்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்துவிட்டு வருவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதைச் சொல்லித் தந்தது லெகோலேண்ட்.

2012 செப்டம்பர் 15-ஆம் தேதி அது திறந்தபோது, ஆசியாவிலேயே முதல் லெகோலேண்ட் நம் ஜொகூரில் என்று ஊரெல்லாம் பேச்சு. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1968-இல் தொடங்கிய விளையாட்டுப் பூங்கா, நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து நூசாஜெயாவுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அந்த இடத்தை இஸ்கந்தர் புத்ரி என்கிறோம். முன்பு அந்தப் பக்கமெல்லாம் செம்பனைதான். கேலாங் பாத்தா வழியாகப் போனால் வரிசை வரிசையாக மட்டை விரித்து நிற்கும்; குலை வெட்டும் ஆட்களும், பழம் ஏற்றிய லாரிகளும், சிவந்த மண் புழுதியும். 1998-இல் துவாஸ் பக்கம் சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலம் திறந்தது. 2006-இல் இஸ்கந்தர் வட்டார மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பிறகு மரங்கள் போய்ச் சாலைகள் வந்தன.

நாங்கள் போனது 2014 ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நாள் கணக்கே குழம்பிக் கிடந்தது. ஜொகூரின் வார விடுமுறை ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி என்று மாறிவிட்டது. என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் அப்பா இல்லை, அப்பா இருக்கும் நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மற்ற நாள்களில் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்து நெரிசலில் போய்ச் சேர்ந்துகொள்வார். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூக்கத்தில். ஜொகூர் பாருவில் எத்தனையோ வீடுகளின் கதை இது. 2025 ஜனவரியில் மறுபடி சனி, ஞாயிறு ஆக்கியபோது எங்கள் தெருவில் பலர் பெருமூச்சு விட்டார்கள். அப்படி நாள் கூடாத அந்த 2014-இல் அவர் லீவு போட்டுவிட்டு, "வாங்க, எல்லாரும் லெகோலேண்ட் போறோம்" என்று சொன்ன நாள் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிதாக இருந்தது.

அம்மாவையும் அழைத்துப் போனோம். அவர் புளிச்சாதம் கட்டி, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு பிரட்டல் செய்து எடுத்து வந்திருந்தார். கார் நிறுத்துமிடத்திலேயே டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டு முடித்துத்தான் உள்ளே போனோம்.

மினிலேண்ட் என்று ஒரு பகுதி. ஆசியாவின் பேர்பெற்ற இடங்களையெல்லாம் லெகோ கட்டைகளாலேயே, இருபதில் ஒரு பங்கு என்ற அளவையொட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடுகிறது, கப்பல் நகர்கிறது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் அந்த அளவுக்கும் அடங்காது என்பதால் இன்னும் சுருக்கியிருக்கிறார்கள். அப்படியும் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கிறது. சுற்றி விரல் உயரத்தில் பொம்மை மனிதர்கள். பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அம்மா தாஜ்மகால் முன்னால் நின்றுவிட்டார்.

அம்மாவின் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அம்மா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தாஜ்மகால் அவருக்குக் காலண்டர் படம். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கட்டைகள் ஒன்றோடொன்று கவ்வியிருப்பதைப் பார்த்தார். அப்புறம் அவர் கவனம் கட்டடத்தை விட்டுச் செடிகளுக்குப் போயிற்று. அந்தக் குட்டிக் கட்டடங்களுக்குப் பொருந்தும்படி நிஜச் செடிகளையே மரம் போலக் கத்தரித்து, முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள். இலை ஒவ்வொன்றும் சிறிது, கிளை ஒவ்வொன்றும் அளவாக. "இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஒரு வாரம் விட்டா போச்சு. இதுக்குன்னே ஆள் வச்சிருக்கணும்," என்றார். மற்றவர்கள் கட்டைகளை வியந்தார்கள். அம்மா கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையாளை வியந்தார். காலமெல்லாம் மரத்தோடு நின்றவரால்தான் அப்படிப் பார்க்க முடியும்.

சுழன்றபடி மேலேறும் கோபுரம் ஒன்றிலும் அவரை ஏற்றினோம். மேலே போனதும் தூரத்தில் செம்பனைப் பச்சை தெரிந்தது. பேரனைப் பக்கத்தில் இழுத்து, குலையை எப்படிக் கொக்கி அரிவாளால் வெட்டுவார்கள், உதிர்ந்த பழத்தை எப்படிக் குனிந்து குனிந்து பொறுக்குவார்கள் என்று கையால் காட்டிச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் சொல்லும்போது டிவியைப் பார்க்கிறவன்.

டிராகன் ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கத்தினோம், இறங்கினோம். ஆனால் டிரைவிங் ஸ்கூலைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு வயது முதல் பதின்மூன்று வரையுள்ள பிள்ளைகள் குட்டிக் கார்களைத் தாங்களே ஓட்டலாம். தண்டவாளமும் கிடையாது, கூட ஆளும் கிடையாது. சிக்னல் விளக்கு, சந்திப்பு, வளைவு எல்லாம் உண்டு. மகன் சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றான். பின்னால் வந்த சீனப் பையன் ஒருவன் அவன் மேல் மெல்ல இடித்தான். எதிரே மலாய்ப் பெண்பிள்ளை ஒருத்தி வழி தெரியாமல் குறுக்கே நின்றுவிட்டாள். கணநேரத்தில் முழுச் சந்திப்பும் அடைத்துக்கொண்டது. வேலி மேல் சாய்ந்து நின்ற என் கணவர், ஆண்டுக்கணக்கில் பாலத்து நெரிசலில் நின்று களைத்த மனிதர், வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மகள் அதற்கு இன்னும் சின்னவள். மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களுக்கான தனி வட்டத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டே ஓட்டினாள்.

மதியத்துக்கு மேல் ஜொகூர் மழை வந்தது. இடி கேட்டதும் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிட்டார்கள். கூரை கண்ட இடத்தில் கூட்டம் ஒதுங்கியது. தோட்டத்தில் மழை என்றால் வேறு அர்த்தம். விடியலில் பெய்தால் மரப்பட்டை நனைந்து பால் கோட்டில் நிற்காது, வழிந்து போகும். வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. அம்மா மழையை எப்போதும் கணக்குப் பார்க்கிற கண்ணோடுதான் பார்ப்பார். அன்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சூடான மைலோவை ஊதி ஊதிக் கொடுத்தபடி, "பெய்யட்டும், நமக்கென்ன அவசரம்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகும் போனோம். 2013-இல் சேர்த்த தண்ணீர்ப் பூங்காவில், மிதவை மேல் பெரிய மெத்துக் கட்டைகளை அடுக்கிக்கொண்டு சுற்றி வந்தோம். மகளுக்காக புத்ரி துறைமுகத்து ஹலோ கிட்டி டவுனுக்கும் போனோம்; 2019 கடைசியில் அதை மூடியபோது பெரியவளாகிவிட்ட அவளே வருத்தப்பட்டாள். அதே 2019-இல் லெகோலேண்டில் கடல்வாழ் உயிர்க்காட்சியகம் திறந்தது.

டிக்கெட் குறைந்த விலை இல்லை. அந்த வெள்ளியை எடுத்து வைத்தால் பிள்ளைகளின் படிப்புக்காகுமே என்று உறவில் சொன்னவர்கள் உண்டு. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறியது. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் உழைக்கிற குடும்பத்துக்குச் சிரிப்பு ஆடம்பரம் என்பதை என்னால் ஏற்க முடியாது. மூன்று தலைமுறையும் வேலையை மறந்து ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு பகல் எங்கள் முன்னோருக்குக் கிடைக்கவே இல்லை. எங்களுக்குக் கிடைத்தபோது அதை வாங்கியது சரிதான்.

லாபிஸிலிருந்து பெரியம்மா போனில் அம்மாவைக் கேட்டார்: "அங்க என்ன விசேஷம், சின்னவளே?"

"ஒரு விசேஷமும் இல்லக்கா. நல்லா இருக்கும், பிள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா."

அடுத்த பள்ளி விடுமுறையில் பெரியம்மா பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கினார். மினிலேண்டைச் சுற்றிக் காட்ட அம்மாதான் முன்னால் நடந்தார்.